டெஸ் கார்மடி கிடக்கும் இடம்

மனிதச் சாம்பல் புல்லுக்கு உரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது புல்லைக் கருக்கிவிடும். ஒரே இடத்தில் கொட்டினால் சில நாளில் அந்த இடம் மஞ்சளாகும், பிறகு மண் தெரியும்.

டாஸ்மேனியாவின் வடக்குக் கரையில், கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்துக்கு நான் பத்தொன்பது வருடமாகப் புல் பார்க்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது சாம்பலோடு வருவார்கள். அப்பாவின் ஆசை, அண்ணனின் ஆசை. கேட்டால் ஹோட்டல் மறுக்கும் என்பதால் யாரும் கேட்பதில்லை. விடியும் நேரத்தில் எதையோ ஜாக்கெட்டுக்குள் அணைத்தபடி நடந்து போவார்கள். அவருக்குப் பிடித்த குழியின் கொடிக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, காலை உணவுக்குத் திரும்பி முட்டை சாப்பிடுவார்கள். முதல் ஆட்டம் கிளம்புவதற்குள் நாங்கள் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, தனியே வளர்த்து வைத்திருக்கும் புல்லைப் பதித்துவிடுவோம். கால் மணி நேர வேலை. வெட்டிய துண்டு கொட்டகைக்குப் பின்னாலுள்ள கழிவுக் குவியலுக்குப் போகும். ஆகஸ்டில் லாரி வந்து குவியலை ஊர்க் குப்பைக் கிடங்குக்கு அள்ளிச் செல்லும்.

யாருடைய சாம்பல் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. ஒருமுறைதான் கேட்காமலே தெரிந்தது.

டெஸ் கார்மடியும் அவர் மனைவி ரோஸ்லினும் ஒவ்வொரு ஏப்ரலிலும் மெல்பர்னிலிருந்து நான்கு நாள் தங்க வருவார்கள். காலையில் அவர் ஆடுவார். அவள் கோல்ஃப் வண்டியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். மாலையில் ஏழு தட்டு விருந்து. ஏழும் முடிந்த பிறகு டெஸ் அறைக்கு ஒரு சீஸ் டோஸ்ட் வரவழைப்பார் என்பது சமையல்கட்டில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. போன வருடம் ஏப்ரலில் அறை ஒருவருக்கு மட்டும் பதிவாகியிருந்தது. அவள் வந்த மறுநாள் காலை, பனி படிந்த புல்லில் ஒரே ஒரு ஜோடிக் காலடித் தடம் ஹோட்டலிலிருந்து பதினான்காம் குழி வரை போய்த் திரும்பியிருந்தது. கொடிக்கு இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். ஏழரைக்குச் சிட்னியிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்கள் ஆட இருந்தார்கள். மண்வெட்டியோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெட்டினேன்.

இந்த ஏப்ரலில் அவள் மறுபடி வந்தாள். இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, வரவேற்பிலிருந்து சீட்டு ஒன்று வந்தது. இரவு விருந்துக்கு நான் அவளுடன் உட்கார வேண்டுமாம்.

அந்தக் கூடத்துக்குள் நான் முன்வாசல் வழியாகப் போனதே இல்லை. மேனேஜர் தன்னுடைய கோட் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். பரிமாறும் டானி வாசலில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருடா இது, குளிச்ச மாதிரி இருக்கே? க்ளைவ், நீயா? காலர் கழுத்தை நெரிக்குதா?"

"சும்மா இரு டானி."

"வலப்பக்கம் இருக்கிற முள்கரண்டிதான் சிப்பிக்கு. மண்ணைக் கிளறுற மாதிரி கிளறாதே, ஊர் சிரிக்கும்."

ரோஸ்லின் கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேசையில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பதினான்காம் குழியின் கொடி தெரியும். போன வருடத்தை விடப் பாதியாக இளைத்திருந்தாள். சட்டையின் தோள் தையல் கைவரை இறங்கியிருந்தது.

"வாங்க க்ளைவ். டெஸ்ஸோட நாற்காலிதான். பயப்படாதீங்க, கடிக்காது."

சிப்பி வந்தது. கடற்பாசி வெண்ணெயில் வாட்டிய அபலோனி என்ற கடல்நத்தை வந்தது. அவள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மட்டும் வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். வாலபி என்ற சிறுகங்காருவின் இறைச்சி வந்தபோது சிரித்தாள்.

"இதுக்குத் தக்காளி சாஸ் கேட்டாரு ஒரு வருஷம். சமையல்காரர் முகத்தை நீங்க பாத்திருக்கணும்."

"கேள்விப்பட்டேன். ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலையாம்."

"உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும் க்ளைவ். பார்ல பலகையில அவர் பேர் தங்க எழுத்துல இருக்கே, பதினாலாம் குழி, ஒரே அடியில பந்து உள்ளன்னு. அதுக்குச் சாட்சி நான். நான் பாக்கவே இல்லை. அவர் கத்தினப்பதான் புத்தகத்துல இருந்து தலையைத் தூக்கினேன். 'பாத்தியா, பாத்தியா'ன்னு ஓடி வந்தாரு. பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்," என்றேன். "நான் மணல்பள்ளத்துல இருந்தேன். நீங்க குனிஞ்சே இருந்தீங்க."

"நீங்க ஏன் சொல்லலை?"

"அவர் அன்னைக்கு பார்ல எல்லாருக்கும் வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்தாரு. எனக்கும்தான்."

அவள் தலையசைத்தாள். "பொய் சொல்லி ஒருத்தரைச் சந்தோஷப்படுத்துறது ரொம்ப சுலபம். ஆனா அப்புறம் பதினோரு வருஷம் அந்தக் கதையை அவர் எல்லார்கிட்டயும் சொல்லும்போது பக்கத்துல உக்காந்து கேக்கணும்." தண்ணீர் குடித்தாள். "போன வருஷம் அவரை அங்கதான் விட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"எனக்கு வயித்துல. கிறிஸ்துமஸ் வரைக்கும்னு டாக்டர் சொல்றார். அவங்க எப்பவும் கூட்டித்தான் சொல்வாங்க. என்னையும் அவர் பக்கத்துலயே போடணும். பொண்ணு இமோஜன் பெர்த்ல இருக்கா, இங்க வந்ததே இல்லை. இடத்தை நீங்க அவளுக்குக் காட்டணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நிம்மதியாக மெல்பர்ன் திரும்பியிருப்பாள். இமோஜன் வந்து கொட்டியிருப்பாள். மறுநாள் காலை நான் மண்வெட்டியோடு போயிருப்பேன்.

டானி சீமை மாதுளை இனிப்பை நடுவில் வைத்தாள். தட்டு ஒன்று, கரண்டி இரண்டு. டெஸ்ஸும் அவளும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், சமையல்கட்டில் அந்தப் பழக்கத்தில் அப்படியே அனுப்பிவிட்டார்கள். டானி ஒரு கரண்டியைத் திரும்ப எடுக்கப் பார்த்தாள். ரோஸ்லின் அதன்மேல் கை வைத்தாள்.

"அவர் அங்க இல்லை, ரோஸ்லின்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல் புல்லை என்ன செய்யும், எப்படி வெட்டுவோம், குவியல், ஆகஸ்ட் மாத லாரி. வெட்டியது நான்தான், யார் என்று தெரிந்தேதான் வெட்டினேன் என்பதையும்.

அவள் வெகுநேரம் வெளியே கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"நேத்து பூரா இங்கேயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "பேசிக்கிட்டு வேற இருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"அந்த இடத்தைக் காட்டுவீங்களா?"

"எதை? பதினாலாம் குழியையா?"

"இல்லை. அவர் இருக்கிற இடத்தை."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டேன். இருபத்து மூன்று கிலோமீட்டர். மாட்டுப் பண்ணைகளைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் கிடங்கு. இரும்புக் கதவு பூட்டியிருந்தது. பலகையில் எழுதியிருந்தது: புதன்கிழமை விடுமுறை.

எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். முந்தின இரவு எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

அவள் இறங்கினாள். விருந்துக்குப் போட்டிருந்த அதே நல்ல செருப்பு. கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கடற்புறாக்கள் கூட்டமாக எழுந்து உட்கார்ந்தன. பழைய மெத்தைகள், ஒரு குளிர்பதனப் பெட்டி. தூரத்தில் புல்லும் கிளையுமாக ஒரு நீண்ட மேடு, மேலே பெருஞ்சீரகச் செடி ஆளுயரம் வளர்ந்து கிடந்தது.

"அதுவா?"

"அதுல எங்கேயோ. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் சிரிப்பும் கலந்திருந்தது.

"நாப்பது வருஷம் க்ளைவ். வாரம் தவறாம புதன்கிழமை கிளப்புக்குப் போயிடுவாரு. கல்யாண நாள் புதன்கிழமை வந்தாலும் சரி, வீட்ல ஆள் கிடையாது. இன்னைக்கும் பாருங்க."

அரைமணி நேரம் அங்கே நின்றோம். காற்று மாறியதும் நாற்றம் வந்தது. அவள் நகரவில்லை. கடைசியில் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். அவளிடம் கேட்க எனக்கு ஒன்று இருந்தது: மகளிடம் என்ன சொல்வீர்கள்? கேட்கவில்லை. அன்று மதியமே அறையைக் காலி செய்துவிட்டாள்.

அதன் பிறகு வந்த சாம்பல்களையும் வெட்டித்தான் எடுத்தேன். மைதானத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் எடுத்தவற்றைக் குவியலில் போடுவதில்லை. வேலிக்கு அப்பால், கடல்காற்று படும் மேட்டில் வரிசையாக வைக்கிறேன். டெஸ்ஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

செப்டம்பர் கடைசியில், கடற்பறவைகள் வடக்கிலிருந்து திரும்பி மணல்மேட்டுப் பொந்துகளுக்குள் இறங்கும் வாரத்தில், பெர்த்திலிருந்து தொலைபேசி வந்தது. இமோஜன். குரல் அம்மாவுடையதைப் போலவே இருந்தது.

"அம்மா ஆகஸ்ட்ல போயிட்டாங்க. அப்பா பக்கத்துலயே வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. எந்த இடம்னு கேட்டா சொல்ல மாட்டேன்னுட்டாங்க. 'க்ளைவைக் கேளு, அவருக்கு மட்டும்தான் தெரியும், பொய் சொல்ல மாட்டாரு'ன்னு சொன்னாங்க. ஏதோ குழின்னு நினைக்கிறேன், எனக்குக் கோல்ஃப் தெரியாது. உங்களுக்கு இடம் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "கூட்டிட்டுப் போறேன். புதன்கிழமை மட்டும் வராதீங்க."