இரண்டாவது வால்

நவம்பர் 9, மாலை 6.12. ஆறு மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து, மேற்கில், ஒரு வால்நட்சத்திரம் இருபத்திரண்டு நிமிடம் தெரிந்தது. பிறகு எதிர்க் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அதற்குள் அவள் தன் சின்னத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி நாற்பது படங்கள் எடுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது வேலை. வானியல் மன்றத்தில் எல்லோருக்கும் அவள் ‘எக்ஸ்ரே அக்கா’. ஏழு வருடமாக மன்றத்தின் காலண்டருக்குப் படம் அனுப்புகிறாள். அட்டையை விடுங்கள், உள்ளே ஒரு மாதத்துக்குக்கூட எடுத்துக்கொண்டதில்லை.

நாற்பதையும் வால்நட்சத்திரத்தின் தலை பிசகாமல் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அப்படி அடுக்கினால் பின்னாலுள்ள நட்சத்திரங்கள் கோடுகோடாக இழுபடும். அவற்றை உட்கார்ந்து துடைத்தாள். மிஞ்சியது விசிறியாய் விரிந்த வெள்ளை வால்; கூடவே, நூல் பிடித்தாற்போல் இன்னொன்று. படத்தை மன்றத்துக்கு அனுப்பினாள். வேறு யார் படத்திலும் இரண்டாவது வால் இல்லை, அட்டை உங்களுக்குத்தான் என்று மன்றச் செயலாளர் போனில் சொன்னார்.

கணவர் தையல்காரர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"வால் சரி. இந்தக் கோடு தலைக்கு முன்னாலயும் நீட்டிக்கிட்டு இருக்கே. மீசையா?"

சும்மா இருங்கள் என்றாள். ஆனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், துடைக்காத ஒற்றைப் படம் ஒன்றைத் திறந்தாள். ஓரத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம். அதற்கும் அதே கோடு, அதே சாய்வு. நட்சத்திரத்துக்கு ஏது வால்?

மாடிக்கு ஏறிப் பார்த்தாள். தொலைநோக்கி நின்ற இடத்துக்கு நேர் முன்னால், ஒரு முழம் தள்ளி, துணி காயப்போடும் கம்பி. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி இழுத்த கோடு. தினம் முப்பது பேரிடம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்கிறவள் அவள். காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய நட்சத்திரங்களையும் அவளே துடைத்திருந்தாள்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர். இப்போது கேலி இல்லை. ஏழு வருடத்தையும் கூட இருந்து பார்த்தவர்.

"வருஷம் பூரா நம்ம வீட்டுச் சுவத்துலயும் தொங்கும்ங்க. தினம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்பணும்."

அன்றே செயலாளருக்கு எழுதினாள். அந்த ஒற்றைப் படத்தையும் இணைத்தாள். டிசம்பர் கடைசியில் காலண்டர் வந்தது. அட்டையில் வேறொருவர் எடுத்த நிலா. அவள் படம் எந்த மாதத்திலும் இல்லை.