பொத்தான் பாட்டின் நாலாவது வரி

நாலாவது வரியில் கயிறு மறுபடியும் காலைத் தட்டியது. காலையிலிருந்து இது பதினோராவது தடவை.

"என்னம்மா, முடிஞ்சுதா இல்லையா? அச்சகத்துக்காரர் அஞ்சு மணிக்கு வந்து நிப்பாரு. என் மானமே போயிடும்!" ஜன்னலுக்குள்ளிருந்து மாமனார் சத்தம் போட்டார்.

"போகாது மாமா. இன்னும் ரெண்டு குதிதான் பாக்கி" என்றாள் மருமகள், மூச்சு வாங்கியபடி.

முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, துணி காயப்போடும் இடத்தில் நின்றுகொண்டு தினமும் கயிறு தாண்டினால் தெரு சும்மா இருக்குமா? பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குழந்தைகள் 'கயிறு அத்தை' என்று பேர் வைத்துவிட்டுக் கூடவே ஆட வந்துவிட்டார்கள்.

அவள் உடம்பு இளைப்பதற்காகத் தாண்டவில்லை. பாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தாள். தாண்டுவதற்கான பாட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு குதி, வரிக்கு நாலு குதி. கயிறு யாருக்காகவும் காத்திருக்காது. பெரியவர்களுக்கான கவிதை ஓரிடத்தில் நொண்டினால், அங்கே ஏதோ ஆழம் இருக்கிறது என்று வாசகர் தலையாட்டிவிடுவார். குழந்தைப் பாட்டு நொண்டினால் குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளும்.

இன்றைய பாட்டு இவ்வளவுதான்:

பொத்தான் பொத்தான் ஓடிப் போச்சு
கட்டில் அடியில் உருண்டு போச்சு
சட்டை வாயைத் திறந்து கேட்குது
எங்கே பொத்தான்...

அதோடு நின்றுவிட்டது. இரண்டு குதிக்குச் சொல் இல்லை. வாய் சும்மா இருக்கக் கால் மட்டும் குதித்தால் எண்ணிக்கை தவறிக் கயிறு மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பாட்டும் மற்றப் பாட்டுகளைப் போல மாமனார் பேரில்தான் அச்சாகும். சரக்கு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஐந்து புத்தகங்கள், மூன்று பொன்னாடைகள், 'பிஞ்சுக் கவிவேந்தர்' என்ற பட்டம், எல்லாம் அவருடையவை. குழந்தைகள் என்றால் அவருக்கு ஆகாது. பந்து இந்தப் பக்கம் விழுந்தால் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

இது திருட்டாகத் தொடங்கவில்லை, வழக்கமாகத் தொடங்கியது. அந்த வீட்டிலிருந்து எந்தக் காகிதம் வெளியே போனாலும் வீட்டுத் தலைவர் பேரில்தான் போகும். மகளைச் சாப்பிட வைக்கத் தான் கட்டிய பாட்டை மருமகள் ஒரு பத்திரிகைக்கு அனுப்பியபோது, உறையின் மேல் கணவன் வழக்கம் போல அப்பா பேரை எழுதினான். பாராட்டுக் கடிதம் அப்பாவுக்கு வந்தது. அவர் அதை மூன்று முறை படித்தார். நாலாவது முறை படிக்கும்போது தானே எழுதியது போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில்தான் அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"மாமா, இந்தப் புத்தகத்துலயாவது என் பேரைப் போடுங்களேன்."

மாமனார் கோபப்படவில்லை. நிஜமாகவே குழம்பினார். "இதென்னம்மா புதுசா? கரண்ட் பில்லு கூட என் பேர்லதான் வருது. அதுக்காக எல்லா லைட்டையும் நானா போடுறேன்?"

"லைட்டு போடுறது யாருன்னு ஒருத்தருக்காவது தெரிய வேணாமா?"

"அப்பா பேரு வெளியில நல்லா நின்னுடுச்சு" என்றான் கணவன், செய்தித்தாளுக்குள்ளிருந்து. "இப்பப் போய் மாத்தினா படிக்கிறவங்க குழம்பிடுவாங்க."

"யாரு, நாலு வயசுக் குழந்தைங்களா?"

செய்தித்தாள் அடுத்த பக்கத்தைப் புரட்டியது.

மணி நாலரை. பள்ளிக்கூடம் விட்டு மகளும் எதிர்வீட்டு, பக்கத்துவீட்டுச் சிறுமிகளும் வந்தார்கள். இருவர் கயிற்றைச் சுழற்ற, ஒருத்தி நடுவில் குதித்தாள். மருமகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

"எங்கே பொத்தான் சொல்லு சொல்லு." கயிறு தட்டவில்லை. ஆனால் எதிர்வீட்டுச் சிறுமி முகத்தைச் சுளித்தாள். "சட்டை யார்கிட்ட கேக்குது?"

நியாயமான கேள்வி. கேள்வி என்று ஒன்று இருந்தால் அதைக் காதில் வாங்க ஓர் ஆள் வேண்டும்.

"எங்கே பொத்தான் அம்மா அம்மா." மகள் மகிழ்ந்துபோய்க் குதித்தாள். பக்கத்துவீட்டுச் சிறுமி கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள். "எங்க வீட்ல அப்பாதான் பட்டன் தைப்பாரு. எங்கம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது."

அதுவும் போயிற்று. எல்லா வீட்டுச் சட்டையும் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஓர் ஆள், சரியாக இரண்டு குதியில். அப்படி யார் இருக்கிறார்கள்?

ஐந்து மணிக்கு அச்சகக்காரர் வந்தார். பருத்த மனிதர். பின்கட்டு வாசலை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து இடித்துக்கொண்டு கயிற்றருகே வந்த மாமனார், நிலைமையைத் தாமே கையில் எடுத்தார்.

"ரெண்டு குதிதானே? என் பட்டத்தைப் போடு. எங்கே பொத்தான், பிஞ்சுக் கவிவேந்தரே! எப்படி?"

சிறுமிகள் முயன்றார்கள். 'பிஞ்சுக்' வரை கால் சரியாகப் போனது. 'கவிவேந்தரே'யில் நாக்கு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போய், மகள் தாத்தாவின் கால் கட்டைவிரல் மேலேயே வந்து குதித்தாள்.

"ஐயோ!"

"தாத்தா, உங்க பேரு ரொம்ப நீளம். அதுல காலு மாட்டிக்குது."

அச்சகக்காரர் இருமுவது போலச் சிரித்தார். மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். இப்போது பக்கத்துவீட்டுச் சிறுமி நடுவில் புகுந்தாள். பாடிக்கொண்டே குதித்தவள் நாலாவது வரியின் பள்ளத்துக்கு வந்ததும், பதற்றத்தில், எப்போதும் எதற்கும் யாரைக் கூப்பிடுவாளோ அவரையே கூப்பிட்டாள்.

"எங்கே பொத்தான், கயிறு அத்தை!"

கயிறு தட்டவில்லை. கேட்ட வேகத்தில் மற்ற இருவரும் சேர்ந்துகொள்ள, பாட்டு நிற்காமல் மறுபடி 'பொத்தான் பொத்தான்' என்று தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஓடியது. அச்சகக்காரரின் கை தானாகவே தொடையில் தாளம் போட்டது.

மருமகள் பென்சிலை எடுத்து எழுதினாள்.

"இரு இரு" என்றார் மாமனார், காலைத் தேய்த்தபடி. "என் கவிதையில உன் பேரு எதுக்கு?"

"வேணாம்னா எடுத்துடுறேன் மாமா. கவிதை உங்களுதுதானே? வேற ரெண்டு சொல் சொல்லுங்க, போட்டுக்கறேன்."

"ஆமா சார்" என்றார் அச்சகக்காரர். "சொல்லுங்க. கயிறு சுத்திக்கிட்டிருக்கு."

மாமனார் வாயைத் திறந்தார். கயிறு தரையில் தட்டியது, ஒன்று, இரண்டு. பொத்தான் போன சட்டையைப் போலத் திறந்த வாயோடு நின்றவர், கடைசியில், "சரி, இருந்துட்டுப் போகட்டும். உள்ளேதானே இருக்கு, அட்டையிலயா இருக்கு?" என்று மூடிக்கொண்டார்.

புத்தகம் வந்தது. அட்டையில் மாமனார் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. அட்டையை எந்தக் குழந்தையும் பாடுவதில்லை.

பதினாலாம் பக்கம், நாலாவது வரி, நாலு குதி: எங்கே, பொத்தான், கயிறு, அத்தை. கயிறு காலைத் தட்டுவதில்லை.