மறுகரை ஆட்கள்

ஆற்றின் நடுவே நான்காவது தூணுக்குத் துளை போட்டபோது, பாறை இருக்கவேண்டிய ஆழத்தில் வெறும் சேறுதான் வந்தது. பாலத்தின் வேலை அன்றே முடங்கியது. தலைமை எஞ்சினியர் நேரே அவளிடம் வந்தார்.

அந்தப் பாலத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. கிரேன், ஆட்கள், மழை, சிமென்ட் வரத்து என்று எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், வேலை எப்போது முடியும் என்று அது பலவிதமாக ஓட்டிக் காட்டும். சிமுலேஷன் என்பார்கள். தளத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர்.

"ரெண்டு வழி இருக்கும்மா. மறுகரை வேலைய நிறுத்தி ஆட்கள அனுப்பிட்டு, கிரேனையெல்லாம் இந்தத் தூணுக்குக் கொண்டுவரலாம். இல்ல, ரெண்டு பக்கமும் மெதுவா இழுக்கலாம். எது சீக்கிரம் முடியும்னு பாரு."

மறுகரையில் கம்பி கட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி அவளுடைய அக்கா வீட்டுக்காரர். நிலையான வேலை என்று சொல்லி அவரை வரவழைத்ததே அவள்தான். அவரும் அவள் பேச்சை நம்பி, இருந்த வேலையை விட்டு, பிள்ளைகளின் பள்ளியை மாற்றி, குடும்பத்தோடு வந்திருந்தார்.

கணக்கில் ஒரே ஒரு இடம் அவளை உறுத்தியது. அனுப்பிவிட்ட ஆட்களைத் திரும்பக் கூட்ட எவ்வளவு நாளாகும்? அதிகமாகப் போட்டால் மறுகரையை நிறுத்துவது நஷ்டம் என்று வரும்; மாமாவின் வேலை நிலைக்கும். அது புரிந்ததுமே அவளுக்குக் கை கூசியது. சொந்தக்காரருக்காகக் கணக்கை வளைத்தாள் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? ஒரு வாரம் என்று போட்டாள். மறுகரையை நிறுத்துவதே மேல் என்று வந்தது.

மாமாவிடம் அவளே வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"இந்தத் தூண் முடிஞ்சதும் திரும்பக் கூப்பிடுவாங்க மாமா."

"அதுவரைக்கும் எங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் அவர், கோபமில்லாமல்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அவங்களா முடிவு பண்ணாங்களா, இல்ல நீ சொல்லியா?"

"நான் சொல்லித்தான்."

அக்கா திரும்பி அடுப்படிக்குப் போனாள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

தூண் ஒருவழியாக எழும்பியது. மறுகரைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அங்கே இங்கே பிடித்துவந்த ஆட்கள் கட்டிய கம்பி சரியில்லாமல், பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. மாதங்கள் ஓடின. மெதுவாக இழுத்திருந்தாலே இதற்குள் முடிந்திருக்கும்.

அவள் தலைமை எஞ்சினியரிடம் போய் நின்றாள்.

"சார், அந்த ஒரு வாரம் நான் தெரிஞ்சே குறைச்சுப் போட்டது. மேஸ்திரி எங்க அக்கா வீட்டுக்காரர். அவருக்குச் சாதகமா வந்துடக் கூடாதுன்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நிஜமா எவ்வளவு ஆகும்னு நெனச்சே?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"அதச் சொல்லியிருந்தா நான் நிறுத்தியே இருக்க மாட்டேன்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அவரக் கூப்பிட்டுப் பாரு."

மாமாதான் போனை எடுத்தார்.

"வேற இடத்துல சேந்துட்டேம்மா. எங்க ஆளுங்களும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. இனிமே கூட்டுறது கஷ்டம். நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன் மாமா. அக்காகிட்ட குடுக்கிறீங்களா?"

"அவ தூங்குறா."

அவருக்குப் பின்னால் அக்கா பிள்ளைகளைச் சாப்பிட அதட்டும் குரல் தெளிவாகக் கேட்டது.

"சரி மாமா, எழுப்ப வேண்டாம்," என்றாள் அவள்.