போகாதிருந்த மாப்பிள்ளை

காயல்பட்டினத்தில் ருகையாவின் வீட்டுக்கு அவள் மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், ஜக்கரிய்யா தினமும் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு வந்து, தேநீர் குடித்து, பொழுதடையும் மஃரிபு வரை இருந்துவிட்டுப் போன அந்தப் பதினோரு மாதமும் அவர் சார்ஜாவில்தான் இருந்தார். அங்கே அவர் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கியில் காலையும் மாலையும் விரல் வைத்த பதிவு இருக்கிறது. ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. இங்கே அவர் குடித்த தேநீருக்குப் பக்கத்து வீட்டுச் செய்யிதும்மா சாட்சி. இரண்டில் எதையும் பொய் என்று சொல்ல வழியில்லை என்பதால் ஊரில் யாரும் சொல்லவில்லை.

எல்லாம் இங்கிலீஷால் வந்தது. ருகையாவுக்கு நாற்பத்தாறு வயது, ஒரே மகள் ருஷ்தா. காயலில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேரவேண்டுமே தவிர, பெண் எங்கும் போவதில்லை. அந்த வழக்கத்தை நம்பி மாடியில் ருஷ்தாவுக்கென்று ஓர் அறை கட்டி, தேக்குக் கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார்கள். வந்த மருமகன் ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்ததென்று அவளையும் கூட்டிக்கொண்டு பறந்துவிட்டான். கட்டிலின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிபடவில்லை. அங்கே பிறந்த பேத்தி ருமைஸாவுக்கு மூன்று வயது, வாயைத் திறந்தால் இங்கிலீஷ். வீடியோவில் அது என்னவோ கேட்கும், ருகையா சிரிப்பாள். மறுபடி கேட்கும், மறுபடி சிரிப்பாள். மூன்றாவது தடவை அது சலித்துப்போய் விளையாடப் போய்விடும். இப்படியே எத்தனை நாள் சிரிப்பது என்றுதான் அவள் கிரேசி டீச்சரின் வாட்ஸப் வகுப்பில் சேர்ந்தாள்.

கிரேசி டீச்சர் பக்கத்திலுள்ள நாசரேத்துக்காரர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும் பெண்களுக்குப் போனிலேயே பேசப் பழக்கினார். தினம் பத்து வாக்கியம், வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பவேண்டும். முதல் இரண்டு மாதம் மேசை, நாற்காலி, காய்கறி என்று போயிற்று. அப்புறம்தான் அந்தப் பாடம் வந்தது: இல்லாததை ஆசைப்பட்டுச் சொல்வது, இல்லாததை இருப்பதுபோல் ஒப்பிட்டுச் சொல்வது. “இது நடக்காததுக்குன்னே உள்ள பேச்சும்மா. நடக்கப்போறதுக்கு இதச் சொல்லப்படாது. வராத ஆள வந்த மாதிரி, செய்யாத காரியத்தச் செஞ்ச மாதிரி. கூச்சப்படாம சத்தமாச் சொல்லுங்க,” என்று டீச்சர் பேசி அனுப்பியிருந்தார்.

ருகையா அடுக்களையில் மீன் அலசிக்கொண்டே சொன்னாள். கடல் இன்னும் கிட்டத்தில் இருந்தால் தேவலை என்பது முதல் வாக்கியம். அன்று மதியம் கடல் அடுக்களைப் படி வரை வந்து, ஒரு பிடி சிப்பியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. செய்யிதும்மாவும் அவளுமாகச் சிப்பிகளை உடைத்துப் பார்த்தார்கள். முத்து எதுவும் இல்லை. தரையைத் துடைத்துவிட்டு ருகையா மிச்ச ஒன்பது வாக்கியத்தையும் சொல்லி அனுப்பினாள். உச்சரிப்பு தேறியிருக்கிறது என்று டீச்சரிடமிருந்து பதில் வந்தது. வகுப்பில் இருந்த மற்ற இருபத்திரண்டு பெண்களும் அதே வாக்கியங்களைத்தான் சொன்னார்கள். அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

நாலாம் நாள் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னார் டீச்சர். ருகையா நெடுநேரம் யோசிக்கவில்லை. “ஐ விஷ் ஹி ஹேட் நெவர் கான்,” என்றாள். அவர் போகாமலே இருந்திருக்கக் கூடாதா என்று அர்த்தம். சொல்லி வாய் மூடவில்லை, பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

பின்வாசல் முடுக்கைப் பார்த்தது. காயலில் வீடுகளுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் உரசிக்கொள்ளும் அகலத்தில் சந்துகள் ஓடும். தெருவில் இறங்காமல் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவதற்காக விட்டவை. ஆண்கள் அதில் கால் வைக்கமாட்டார்கள். ஜக்கரிய்யா அதன் வழியாகத்தான் வந்தார். முடுக்கில் நின்ற பெண்கள் பதறி முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். ஒரு வாரம் இப்படித் திரும்பித் திரும்பி அலுத்துப்போனபின், இல்லாத ஆணுக்கு முக்காடு எதற்கு என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவர் வந்தால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவதோடு சரி.

வந்தவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சார்ஜாவிலிருந்து நாற்பது நாள் வந்துபோகிற ஜக்கரிய்யா இல்லை. அவர் போகாதிருந்தால் என்னவாக ஆகியிருப்பாரோ அந்த ஆள். இரண்டாயிரத்தில் விமானம் ஏறுவதற்குமுன் ஜக்கரிய்யா தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் சரக்கு ஏற்றும் இடத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். இவர் அந்த வேலையிலேயே இருபத்துநாலு வருஷம் இருந்தவர். சட்டையில் வெங்காயமும் தார்ப்பாயும் மணத்தன. உப்புக்காற்றில் முகம் கறுத்திருந்தது. திருச்செந்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொண்டார். அலமாரியில் சர்க்கரை டப்பா இருக்குமிடம் தெரிந்திருந்தது, அதை எடுக்கக்கூடாது என்று ருகையா முறைப்பாள் என்பதும் தெரிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, “ஏளா, தேத்தண்ணி போட்டாச்சா?” என்றார். ருகையா போட்டாள்.

மஃரிபு முடிந்ததும் சார்ஜாவிலிருந்து போன் வரும். மணி அடித்ததும் நாற்காலி காலியாகிவிடும், தம்ளரில் கொஞ்சம் தேநீர் மிச்சமிருக்கும். அதை ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் ருகையா போனை எடுப்பாள். சுகமா, சுகம். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டேன். சம்பளம் அனுப்பிருக்கேன், கெடச்சுது. அவ்வளவுதான் பேச்சு. இருபத்துநாலு வருஷமாக அதே பேச்சு. மறுநாள் மதியம் அவள் மறுபடி அடுக்களையில் நின்று அதே வாக்கியத்தைப் பழகுவாள். அடுத்த பாடம் போகலாமே என்று டீச்சர் கேட்டதற்கு, இது இன்னும் சரியாக வரவில்லை என்று பதில் போட்டாள்.

முதல் மாதம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பேசுவதற்கு ஆள் கிடைத்தது. அதிலும் பழைய கதை பேச ஆள் கிடைத்தது. ருஷ்தாவுக்குக் காது குத்தியபோது அவள் எப்படி வீறிட்டாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அவர் சட்டைப்பையை விடாமல் எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்றெல்லாம் அவர் சொல்லிச் சிரிப்பார். ருகையாவும் சிரிப்பாள். அப்புறம் ஒருநாள், பாதிச் சிரிப்பில், காது குத்தியபோது பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த அழுகை இவர் கதையில் இல்லை. எப்படி இருக்கும்? இவர் சொல்லும் வருஷங்களில் ருகையா ஒருநாள்கூடத் தனியாக இருந்ததில்லை. அப்படியானால் தனியாக இருந்தவள் யார்? அந்த இருபத்துநாலு வருஷத்தைப் பார்த்த கண் உலகத்தில் ஒரு ஜோடி கூட இல்லை. ருஷ்தா அப்போது குழந்தை, பெற்ற உம்மா மௌத்தாகி அடக்கமாகிவிட்டாள், போனில் எல்லாரும் சுகம். ஆமாம், உனக்கு அப்படித்தான் நடந்தது என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. எதிரே ஆள் உட்கார்ந்து தேநீர் குடிக்கையிலேயே அவளுக்கு முன்பைவிடத் தனிமையாக இருந்தது. ஆனாலும் மறுநாள் வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெறும் நாற்காலியை அவள் ஏற்கெனவே போதுமட்டும் பார்த்தாயிற்று.

பதினோராம் மாதம் சார்ஜாக் கம்பெனி கிட்டங்கியை மூடியது. ஜக்கரிய்யா யாருக்கும் சொல்லாமல், ஆச்சரியப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை அசர் நேரத்தில் வாடகைக் கார் பிடித்துத் தெருவாசலில் வந்து இறங்கினார். வாசல் பூட்டியிருந்தது. ஆண் புழங்காத வீட்டில் தெருவாசலைத் திறப்பதில்லை. பூட்டில் துருவே ஏறியிருந்தது. தட்டிப் பார்த்தார், அடுக்களைக்குக் கேட்கவில்லை. ஐம்பது வயது, சர்க்கரை வியாதி, வெயில் வேறு. வேறு வழி தோன்றாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக முடுக்குக்குள் நுழைந்தார். செய்யிதும்மா அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து முக்காட்டைத் தொடக்கூட இல்லை.

“இப்பதானே உள்ள போனீஹ மாப்புள்ள, மறுவடியும் எங்கன இருந்து வாறீஹ? பெட்டி வேற?”

“நான் இப்பத்தான் ஏர்போர்ட்டுலேர்ந்து வாறேன் லாத்தா.”

செய்யிதும்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு முக்காட்டைச் சடாரென்று முகம் வரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். “அப்பம் நீங்க சார்ஜாவுல இருக்குற அவுஹ. உள்ள இருக்குறதும் நீங்கதான். சங்கடப்படாமப் போங்க,” என்றாள்.

ஜக்கரிய்யா பின்வாசலில் நின்று ஸலாம் சொன்னார். நாற்காலியில் இருந்த ஜக்கரிய்யா எழுந்து பதில் ஸலாம் சொன்னார். ருகையா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செய்வது ஒன்றுதான் என்பதால் மூன்று தம்ளர் தேநீர் போட்டாள். சார்ஜாக்காரர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தலை வழுக்கை, கால் வீக்கம், கையில் ஏஸி அறையின் வெளுப்பு. தன்னைப்போலவே இருந்து தன்னைவிடத் திடமாக இருந்த ஆளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஊரில் இது சண்டையாகியிருக்கும். ஆனால் காயலில் வீடு பெண்ணுடையது. அங்கே எந்த மாப்பிள்ளையும் வந்தவர்தான், ஒருவரைப் பார்த்து இன்னொருவர் யார் நீ என்று கேட்க முடியாது. தவிர, அன்று போன் அடிக்க ஆள் இல்லை. அடித்தால்தானே நாற்காலிக்காரர் போவார். எனவே அவர் இருந்தார்.

கடைசியில் சார்ஜாக்காரர்தான் கேட்டார். “புள்ள சின்னதுல எப்படி இருப்பா?”

நாற்காலிக்காரர் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். காது குத்து, பள்ளிக்கூடம், எல்லாம். சார்ஜாக்காரர் பெட்டியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். கண் கலங்கியது. “ருஷ்தாவுக்கு அஞ்சு வயசுல சொரம் வந்து இழுப்பு வந்துச்சு. பேய் மழ. நான் தோள்ல தூக்கிப்போட்டுக்கிட்டு ஓடுனேன்,” என்றார் நாற்காலிக்காரர். சார்ஜாக்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார், தானே ஓடியதுபோல.

ருகையா தம்ளரைத் தரையில் வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள், ஆனாலும் சத்தம் கேட்டது.

“நீங்க தலயாட்டாதீங்க,” என்றாள் சார்ஜாக்காரரைப் பார்த்து. “அவுஹளும் ஓடல, நீங்களும் ஓடல. ஆட்டோ கெடக்கல. மீன் வண்டிய மறிச்சு, பின்னால பெட்டிக்கு நடுவுல உக்காந்து திருச்செந்தூருக்குப் போனேன். ஐஸ் உருகிச் சொட்டுது. அந்தத் தண்ணியத் தொட்டுத் தொட்டுப் புள்ள நெத்தில வச்சேன். நாலு நாள் என் கையில மீன் வாடை போவல. மறுநாள் நீங்க போன் பண்ணுனீங்க. சுகமான்னு கேட்டீங்க. சுகம்னு சொன்னேன்.”

வெளியே செய்யிதும்மா கருவாட்டைப் புரட்டும் சத்தம் நின்றிருந்தது.

“ஏன் சொல்லல ருகையா?” என்றார் சார்ஜாக்காரர்.

“சொன்னா வந்திருப்பீங்களா?”

அவர் யோசித்தார். பொய் சொல்ல வாய் வந்திருக்கவேண்டும், விழுங்கிக்கொண்டார். “வந்திருக்க முடியாது,” என்றார். ருகையா அழுதாள், சத்தமில்லாமல் அழுது பழகியிருந்தவள் சத்தமாக அழுதாள். அவர் எழுந்து வந்து தொடவில்லை. அந்த உரிமை தனக்கு இன்னும் வரவில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. அழுகை அடங்கும்வரை பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, “பொறவு? ஆஸ்பத்திரில யாரு கூட இருந்தா?” என்று கேட்டார். நாற்காலிக்காரரும் தம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கும் அது தெரியாது. சொல்லு,” என்றார்.

யாரும் இருக்கவில்லை என்று தொடங்கி ருகையா சொன்னாள். பாதியில் நிறுத்தி, இப்படி நடுவிலிருந்து சொன்னால் சரிவராது, நீங்கள் விமானம் ஏறிய மறுநாளிலிருந்து சொல்கிறேன் என்றாள்.

அதற்குப்பின் அவள் அந்த வாக்கியத்தைப் பழகவில்லை. நாற்காலிக்காரர் வருவதும் நிற்கவில்லை. ஒருவேளை கதை முடியட்டும் என்றிருக்கலாம். அசருக்குப் பிறகு முடுக்கு வழியாக அவர் வருகிறார், தொழுதுவிட்டுத் தெருவாசல் வழியாகச் சார்ஜாக்காரர் வருகிறார்; பூட்டை மாற்றியாயிற்று. ருகையா ஒவ்வொரு நாளாகச் சொல்கிறாள், இரண்டு பேரும் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். வருஷம் ஒன்றுக்குப் பதினைந்து இருபது நாள் ஆகிறது. சில இடங்களில் சார்ஜாக்காரர் எழுந்து முற்றத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவார். அதுவரை அவள் நிறுத்தி வைப்பாள், நாற்காலிக்காரர் தேநீரைக் குடிப்பார். இப்போது இரண்டாயிரத்தொன்பதுக்கு வந்திருக்கிறார்கள். அந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை, தினமும் சாயங்காலம் ஆயிற்று, அவ்வளவுதான் என்று தாண்டப் பார்த்தாள். சார்ஜாவிலிருந்து வந்த ஜக்கரிய்யா விடவில்லை. ஒவ்வொரு சாயங்காலமாகச் சொல் என்று உட்கார்ந்திருக்கிறார்.