முற்றம் நிறைய லில்லி

அப்பாவின் சவப்பெட்டிக்குள் வைக்க ஒரு கைப்பிடி சிவப்பு ஈஸ்டர் லில்லியை வெட்டிக்கொண்டு துஷாந்தி உள்ளே வந்தபோது, திரேசா எழுந்துவந்து மகளின் கையைப் பிடித்தாள்.

“அதை வையாதை, பிள்ளை.”

“ஏன் அம்மா? அப்பாட வீட்டு வளவுப் பூதானே?”

“வளவு அவற்ரை. பூ என்ரை.”

செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரேசா பூக்களை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்பருகிலிருந்த வாளித் தண்ணீரில் போட்டாள். துஷாந்தியும் பின்னாலேயே போனாள்.

தெல்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த திரேசாவை, கலியாணத்தோடு வேலையை விடச் சொன்னவர் அவள் கணவர் இராஜரத்தினம். அங்கிருந்து அவள் கொண்டுவந்தது ஒரேயொரு லில்லிக் கிழங்கு. கண்டி வீட்டு முற்றத்தில் அது குட்டி போட்டுப் பரவியது. அவருக்கோ முற்றம் வெறும் புல்லாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் மொட்டு தலைகாட்டியதும் மண்வெட்டியால் கொத்துவார். சிதறிய சிறு கிழங்குகள் அடுத்த வருடம் இன்னும் தள்ளி முளைக்கும். சின்ன வயதில் அவற்றை வாளியில் பொறுக்கிக் கொடுப்பது துஷாந்திதான். அப்பாவோடு விளையாடுவதாகவே அப்போது நினைத்தாள்.

இந்த வருடம் அவர் பாரிசவாதத்தில் விழுந்துவிட, கொத்த ஆளில்லை. முற்றம் முழுக்கச் சிவப்பு.

“படுக்கையில கிடந்தும் ‘வெட்டு, வெட்டு’ எண்டுதான் சொன்னவர்” என்றாள் திரேசா. “நான் கட்டிலை முற்றத்து யன்னல் பக்கம் திருப்பிப் போட்டன்.”



சித்தப்பாவின் மகன் சுஜந்தன் வாசலில் வந்து நின்றான். “பெரியம்மா, பெட்டி ஏத்துற வான் வந்திட்டுது. முற்றத்துக்குள்ள எடுக்கட்டே?”

“வான் ரோட்டிலயே நிக்கட்டும். பெட்டியைக் குசினிப் பக்கத்தால கொண்டுபோங்கோ.”

“அது சரியான ஒடுக்கமெல்லோ? முன்னால தூக்கிக்கொண்டு நடப்பம்.”

“அத்தினை பேர் மிதிச்சா என்ன மிஞ்சும்?”

“சனம் என்ன சொல்லும், பெரியம்மா?”

“இவ்வளவு வருசமும் சனம் ஒண்டும் சொல்லேல்லை.”

சுஜந்தன் துஷாந்தியைப் பார்த்தான்.

“அம்மா சொன்ன மாதிரிச் செய்யுங்கோ அண்ணா” என்றாள் அவள்.

குசினிக்கும் மதிலுக்கும் நடுவே பெட்டி நேராகப் போகவில்லை. காஸ் சிலிண்டரை நகர்த்திவிட்டு, பெட்டியைச் சரித்துப் பிடித்தார்கள். உள்ளே எதுவோ ஒரு பக்கமாகச் சரிந்து மெதுவாக இடித்தது. தூக்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மதிலில் உரசிய பளபளப்பான மரத்தில் சுண்ணாம்பு நீளமாக ஒட்டிக்கொண்டது.

வானில் ஏற்றியபோது, அதைத் துடைக்கத் துஷாந்தி சேலைத் தலைப்பைக் கையில் எடுத்தாள். பிறகு துடைக்காமலே தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மா ஏறுவதற்காக முன் கதவைத் திறந்துவிட்டாள்.