பீரோவை முழுசாகச் சாத்தாதே

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். பொய் சொல்லலாம், சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் நழுவலாம், அடுத்தவர் துண்டில் முகம் துடைக்கலாம். தாத்தாவின் இரும்பு பீரோவை மட்டும் முழுசாகச் சாத்தக் கூடாது. ஒரு விரல் இடைவெளி விட்டு, கைப்பிடியைக் கயிற்றால் கட்டி, அப்படியே விட்டுவிட வேண்டும். சாத்தினால் திறக்காது. அது தாத்தா ஒருவருக்குத்தான் திறக்கும். தாத்தாவோ போய்ச் சேர்ந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

அந்தச் சட்டத்தை என் தங்கை குட்டி மீறினாள். அதுவும் தன் கல்யாணத்துக்கு முந்தின நாள்.

குட்டி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்தெட்டு வயது. தபால் நிலையத்தில் முத்திரை குத்திக் குத்தி வலது கை மட்டும் பயில்வான் கையாகிவிட்டது. "எனக்கெதுக்குக் கல்யாணம்?" என்று வந்த வரன்களை எல்லாம் விரட்டி அடித்தவள், கடைசியில் தினமும் வேலைக்குப் போன பஸ்ஸின் டிரைவரிடமே விழுந்துவிட்டாள். அவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஊரிலேயே இரண்டு விஷயத்துக்குப் பேர் போனவர். ஒன்று, யாருக்காகவும் நிற்க மாட்டார். பெற்ற அம்மா ஓடி வந்தபோதுகூடக் கண்ணாடியில் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனவர் என்று சொல்வார்கள். சொல்வது நான்தான். இரண்டு, கதவு சாத்தாமல் வண்டியை எடுக்க மாட்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். எட்டு மணிக்கு வீட்டுக்குள் இடி விழுந்த மாதிரி ஒரு அலறல். முப்பது வருடம் வானிலை அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். இடிக்கும் அலறலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். ஓடினேன்.

குட்டி நைட்டியோடு பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கயிறு தரையில் கிடந்தது. கதவு முழுசாகச் சாத்தியிருந்தது.

"ஏன்டி சாத்தின?" என்றேன்.

"உன்னாலதான்! நேத்து காபியைக் கையில வச்சுக்கிட்டு வீடு பூராச் சுத்திக்கிட்டிருந்தியே, புடவை மேல ஊத்திடுவியோன்னு உள்ள வச்சுப் பூட்டினேன்."

அபாண்டம். போன கல்யாணத்தில் நான் ஊற்றியது காபி இல்லை, ஐஸ்கிரீம்.

"புடவை போனாப் போகுது, வேற கட்டிக்கோ."

"என் அடையாள அட்டையும் உள்ளதான் இருக்கு. அது இல்லாமப் போனா பதிவாளர் திருப்பி அனுப்பிடுவார். அப்புறம் டிரைவர் நிப்பாரா? அவர் யாருக்காகவாவது நின்னிருக்காரா?" என்றாள். அந்தப் பயில்வான் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் அண்ணனும் அக்காவும் வந்துவிட்டார்கள். அண்ணன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். யாராவது அழுதால் அதையும் பின்னமாகப் பார்ப்பான். அக்கா நர்ஸாக இருந்தவள். அவள் "ஒண்ணும் வலிக்காது" என்றால் கொலை வலி வலிக்கும் என்று அர்த்தம்.

பூட்டுக்காரரை வரவழைத்தோம். அவர் சாவியைப் போட்டார், சுற்றினார், காதை வைத்துக் கேட்டார்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு சார். திறந்துதான் கிடக்கு. கதவுதான் சட்டத்தைக் கவ்விக்கிட்டு விட மாட்டேங்குது. அறுத்துடலாமா?"

"அறுங்க!" என்றோம் கோரஸாக.

"தீப்பொறி பறக்கும். உள்ள துணிமணி ஏதாவது..."

"அறுக்காதீங்க!" என்றாள் குட்டி.

"தாத்தா எப்படித்தான் திறந்தாரோ!" என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் போலீஸ்காரர். வாழ்நாளில் ஒரு திருடனையும் பிடித்ததில்லை. திருடர்கள் அவர் மீசையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஓட முடியாமல் உட்கார்ந்துவிடுவார்கள்; வேறு யாராவது வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த மீசையில் இந்தப் பக்கம் இரண்டு சட்டை, அந்தப் பக்கம் ஒரு போர்வை காயப்போடலாம். நாங்கள் காயப்போட்டிருக்கிறோம்.

பீரோவைத் திறக்கும்போது அவர் எல்லோரையும் அறையைவிட்டு விரட்டிவிடுவார். "விசாரணை நடக்குது, கூட்டம் கூடாதே!" என்பார். கதவுக்கு வெளியே நின்று நாங்கள் கேட்பது சத்தம் மட்டும்தான். ஒரு உதை, ஒரு வசவு, ஒரு தும்மல். பிறகு பீரோ திறந்துவிடும்.

"உதைதான் முக்கியம்," என்றான் அண்ணன். "கீழேருந்து மூணில் ஒரு பங்கு உயரத்துல உதைப்பார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பின்னால் போய், ஓடி வந்து உதைத்தான். பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் ஒற்றைக் காலில் மூன்று அறைகளையும் சுற்றி வந்தான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். அம்மியை நகர்த்தியவன் கால் என்ன ஆயிற்று என்று எந்தப் பழமொழியிலும் இல்லை.

"உதைச்சா பயப்படாது, திட்டணும்," என்று அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். தாத்தாவின் குரலை அப்படியே எடுத்தாள். "டேய் இரும்பு மண்டையா! மரியாதையா வாயைத் திறக்கறியா, இல்ல உன் குடும்பத்தையே உள்ள தூக்கிப் போடவா?"

பூட்டுக்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்று கைகட்டினார். பீரோ வாயைத் திறக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் தும்மலை மறந்துட்டீங்க," என்றேன். எங்கள் நால்வரில் தாத்தாவின் தும்மல் எனக்குத்தான் வரும். அவர் தும்மினால் தெருநாய்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும். சமையலறைக்குப் போய் மிளகுத்தூளை எடுத்து வந்து, மூக்கில் வைத்து, ஒரு போடு போட்டேன். ஜன்னல் திரை எழும்பி அடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் காயப்போட்ட துணியை எல்லாம் அவசரமாக எடுக்கத் தொடங்கினார், புயல் வருகிறது என்று. நான் வேலையில் இருந்த காலத்தில்கூட என்னை நம்பி இப்படி யாரும் துணி எடுத்ததில்லை.

பீரோ மட்டும் அப்படியே நின்றது.

குட்டி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா இருந்திருந்தா இந்நேரம் திறந்திருப்பார். என்னைத் தூக்கி மேல உக்கார வச்சிருப்பார்..."

அண்ணன் காலைத் தடவுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"எதுக்கு மேல?" என்றாள் அக்கா மெதுவாக.

"பீரோ மேலதான். உங்களை எல்லாம் வெளியே விரட்டிட்டு என்னை மட்டும் மேல உக்கார வைப்பார். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். நான் உங்க மனசு நோகுமேன்னு இத்தனை வருஷமா சொல்லல. அவருக்கு நான்தானே செல்லம்?"

"உன்னையா?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "என்னைத்தான்டி உக்கார வச்சார்! நீ பிறக்கறதுக்கு முன்னால!"

"டேய், பொய் சொல்லாதே. என்னை வச்சார்," என்றாள் அக்கா. "திறந்ததும் கீழேருந்து எனக்கு சல்யூட் அடிப்பார். 'திறந்தாச்சுங்க ஐயா'ம்பார். நான் கை தட்டுவேன்."

"எனக்கும் அதே சல்யூட்தான்," என்றான் அண்ணன், கால் வலியையும் மறந்து. அவன் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் பார்த்ததே இல்லை. "நான்தான் செல்லம்னு இத்தனை நாளும்..."

ஐம்பது வருடத்துக்கு மேலாக ஆளுக்கொரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்திருக்கிறோம். நாலு பேரும் ஒருவரையொருவர் துரோகி மாதிரி பார்த்துக்கொண்டோம்.

பூட்டுக்காரர் பீரோவின் கால்களைக் குனிந்து பார்த்தார். எழுந்தபோது அவர் தோள் குலுங்கியது.

"ஒரு பக்கம் கால் கொஞ்சம் தூக்கலா இருக்கு சார். சட்டம் கோணி, கதவைக் கவ்வுது. மேலேருந்து ஒரு பக்கமா அழுத்தம் கொடுத்தா விட்டுடும். செல்லமாவது ஒண்ணாவது! நீங்க நாலு பேரும் எடைக்கல்லு!"

"வாயை மூடுங்க!" என்றோம் நாலு பேரும். ரொம்ப நாளைக்குப் பிறகு குடும்பம் ஒற்றுமையாகப் பேசியது அப்போதுதான்.

ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறியை நிறுத்தினோம். சாப்பாட்டு மேஜையைப் பீரோவை ஒட்டி இழுத்துப் போட்டோம். மேஜை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் குட்டி, குட்டிக்குக் கீழே நாங்கள். "மூச்சை இழு, ஒண்ணும் வலிக்காது," என்றாள் அக்கா. அதைக் கேட்ட பயத்திலேயே குட்டி எம்பி மேலே போய்விட்டாள். தலை கூரையில் இடித்தது. நடுவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். கதவு அசையவில்லை.

"வலது பக்கம் போ," என்றான் அண்ணன்.

"இடது பக்கம்டி," என்றாள் அக்கா.

"தாத்தா என்னை ஜன்னல் பக்கமா வச்சார்," என்றேன்.

"அது பழைய வீட்டு ஜன்னல்டா! இங்க ஜன்னல் பின்னால இருக்கு!"

வெளியே ஹாரன் அடித்தது. பஸ் ஹாரன் இல்லை, வாடகைக் கார்தான். ஆனால் அவர் அடித்தால் அது பஸ் ஹாரன் மாதிரிதான் கேட்கும். மாப்பிள்ளை உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் கடிகாரம். அறை வாசலில் நின்றார். பீரோ மேல் நைட்டியோடு, தலையில் ஒட்டடையோடு உட்கார்ந்திருந்த மணப்பெண்ணை அண்ணாந்து பார்த்தார்.

குட்டியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நடுவுல உக்காந்தா எப்படி?" என்றார் மாப்பிள்ளை, முப்பது வருடப் பழக்கத்தில். "உள்ள தள்ளி உக்காரும்மா."

குட்டியும் முப்பது வருடப் பழக்கத்தில், மறுபேச்சு இல்லாமல் சுவர் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

டக்.

கதவு தானாகத் திறந்து அண்ணன் மூக்கில் மோதியது. குட்டி இரண்டு கையையும் தட்டினாள், அந்தக் காலத்துப் பாப்பா மாதிரியே.

விஷயத்தை எல்லாம் கேட்ட மாப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இதுக்கு ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி மேல போட்டிருக்கலாமே? தினமும் ஒரு புள்ளையத் தூக்குவானேன்?"

அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை வந்துவிட்டது.

"மூட்டை கை தட்டாது, மாப்பிள்ளை."

அப்புறம் நாங்கள் யாரும் யாரையும் துரோகி மாதிரி பார்க்கவில்லை.

குட்டி கீழே இறங்கி, புடவையை எடுத்துக்கொண்டு ஓடி, கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சும்மா சொல்லக் கூடாது, கண்ணுக்கு நிறைவாக இருந்தாள். எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டோம். கடைசியாக வந்த மாப்பிள்ளை, பீரோ திறந்து கிடப்பதைப் பார்த்தார். கதவு சாத்தாமல் வண்டியை எடுக்காதவர் ஆயிற்றே? திரும்பிப் போய், கையால் ஒரு தள்ளு தள்ளினார்.

டக்.

"அடையாள அட்டையை எடுத்தியாடி?" என்றாள் அக்கா.

குட்டி சாத்திய பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டுக்காரர் அப்படியே செருப்போடு தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளை பீரோவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நிக்கிறேன்," என்றார். "எவ்வளவு நேரம் ஆனாலும் நிக்கிறேன். அந்தப் பதிவாளருக்கும் போன் போட்டு நிக்கச் சொல்றேன்."

குட்டி அழுதாளா சிரித்தாளா என்று கவனிக்க எனக்கு அவகாசம் இல்லை. ஏனென்றால் பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கட்டின புடவையோடு அவள் ஏற முடியாது. அப்படியென்றால் யார் ஏறுவது?

"நான் மூத்தவன்," என்றான் அண்ணன்.

"உன் கால் வீங்கிக் கிடக்கு. நான்தான் ஏறுவேன்," என்றாள் அக்கா.

"மேஜை யாரு பக்கத்துல இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நான் ஸ்டூலில் காலை வைத்துவிட்டேன்.

இந்த முழங்கால் ஒரு படி ஏறினால் ஒன்பது ஊருக்குக் கேட்கிற மாதிரி முனகும். அன்றைக்கு முனகவில்லை. சுவர் ஓரமாக, நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்தேன். அண்ணனுக்கு உச்சியில் இவ்வளவு பெரிய வழுக்கை இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அக்கா உச்சந்தலையில் மட்டும் சாயம் பூச மறந்திருந்தாள். ஒரு காலத்தில் இங்கிருந்து பார்த்தபோது கீழே ஒரு மீசை மட்டும்தான் தெரியும்; இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும்.

டக்.

அண்ணன் வீங்கின காலைக் கஷ்டப்பட்டுச் சேர்த்து வைத்து, விறைப்பாக நின்று, என்னை அண்ணாந்து பார்த்து சல்யூட் அடித்தான்.

"திறந்தாச்சுங்க ஐயா!"

நான் கை தட்டினேன். அவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு, என்னை இறக்க மறந்துவிட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.