படகுத்துறையில் தங்கிவிட்டவர்கள்

புயலில் செத்துப்போன சான் ரோமால்தோ ஊர்க்காரர்கள், அக்கரையிலிருந்து முதல் பயணிகள் கப்பல் வந்த அன்று காலையே படகுத்துறைக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மானியத் தம்பதியின் பெட்டிகளை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டவன் டியோஸ்கோரோ. அவனை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சட்டை நனைந்திருந்தது, வெயிலில் காய்ந்தால் தானாகவே மறுபடி நனைந்துகொண்டது. மற்றபடி ஆள் பழைய ஆள்தான், முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி உட்பட. வலது கையை மார்பில் வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, "வாங்க சார், வாங்க மேடம், பாத்து இறங்குங்க, பலகை வழுக்கும்" என்றான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஈரம் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். இப்படி ஒரு வரவேற்பை எந்தத் தீவிலும் கண்டதில்லை என்று அந்தத் தம்பதி ஊருக்குப் போய் எழுதினார்கள்.

இது எப்படி நடந்தது என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சாவு வீட்டில் 'லமாய்' என்று சவத்துக்குத் துணையிருந்துவிட்டு யாரும் நேராக வீட்டுக்குப் போகமாட்டோம். வழியில் ஒரு ரொட்டிக் கடையிலோ டீக்கடையிலோ கொஞ்ச நேரம் நின்று, உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிறகுதான் வீடு. கூடவே வரும் இறந்தவர் அந்தக் கடையில் வழி தவறி நின்றுவிடுவார். செத்தவனின் சொந்த வீட்டு ஆட்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவன் அந்த வீட்டுக்கு வருவதில் யாருக்கு என்ன ஆட்சேபணை? ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகு சுவரோடு நின்ற வீடு என்று ஒன்று இல்லை. சவப்பெட்டிகளைக் கூரை பறந்துபோன கூடைப்பந்து மைதானத்தில் வரிசையாக வைத்துத்தான் எல்லோருக்கும் சேர்த்துத் துணையிருந்தோம். கடைகளும் இல்லை. மிஞ்சியது, புயலுக்கு முந்திய வருடம் நகரசபை சிமெண்டில் கட்டிய படகுத்துறை வரவேற்புக் கொட்டகை ஒன்றுதான். அங்கே ஜெனரேட்டர் ஓடியது, போனுக்குச் சார்ஜ் போடலாம், நிவாரணக்காரர்கள் காப்பி ஊற்றினார்கள். ஊர் முழுக்க அங்கே போய் நின்று, தட்டிவிட்டு, கூடாரத்துக்குத் திரும்பியது. டியோஸ்கோரோவின் மனைவி எமெங்கும் போனாள். ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கும் தங்கைக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. காப்பி வரிசையில் நின்றபடி, பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தில், பாவாடை விளிம்பைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். சொந்தப் புருஷனைத் தன் கையாலேயே அந்தக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தாள். போக வேறு இடம் தெரியாத அத்தனை பேரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களால் விருந்தாளி பெட்டி தூக்குவதைச் சும்மா நின்று பார்க்க முடியாது. செத்த பிறகும் முடியவில்லை.

அடுத்த மூன்று வருடங்களில் சான் ரோமால்தோ வளர்ந்த வேகத்தை மாகாணமே வாய் பிளந்து பார்த்தது. செத்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டாம், விடுமுறை வேண்டாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் கிளம்பமாட்டார்கள். அவர்கள் ஓட்டும் படகு எந்த அலையிலும் கவிழவில்லை. ஒருமுறை வாங்கிக்கொண்டவர்களைக் கடல் இரண்டாம் முறை கேட்கவில்லை. புயலிலும் மாறாத புன்னகை என்று மணிலாவிலிருந்து வந்த பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்துப் போட்டார்கள். கடற்கரை ஓரமாக ஏழெட்டு விடுதிகள் எழுந்தன. குடிசைக்காரர்களைப் பாதுகாப்பு கருதி மேட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலி செய்த இடத்தில்தான் எழுந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வரவில்லை, ஆஸ்பத்திரி கூடாரத்திலேயே நடந்தது, ஆனால் படகுத்துறை நுழைவு வளைவுக்கு வருடம் இருமுறை வண்ணம் பூசப்பட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்களுக்கு அதில் பெருமைதான். எங்கள் கடலைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, முடிவெட்டும் கடை வாசலில் நின்று பார்த்த கூட்டத்தில் பலபேர் அன்று காலை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் கண் கலங்கிப் போய்தான் பார்த்தார்கள்.

உயிரோடிருந்த படகுக்காரர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. டியோஸ்கோரோவின் தம்பி ரெஸ்டிட்யூடோ தன் படகை விறகுக்கு விற்றுவிட்டு, நார்வே நாட்டுக் கப்பலில் தளம் கழுவப் போனான். போகும் முன் அண்ணியிடம் சொல்லிக்கொள்ள வந்தான்.

"விடுதியில போய்க் கேட்டேன் அண்ணி. மொதல்ல செத்துட்டு வான்னு சொல்றான். செத்தாத்தான் இந்த ஊர்ல வேலை."

"வாயக் கழுவுடா."

"அண்ணன் நம்பர் ஒன் படகுக்காரனாம். போட்டோ மாட்டிருக்கான். உயிரோட இருந்தப்ப எவன் மாட்டினான்?"

அந்தப் படத்தை எமெங்கும் போய்ப் பார்த்திருந்தாள். வீட்டில் இருந்த படங்களையெல்லாம் புயல் கொண்டுபோய்விட்டதால், அவளுக்குப் புருஷன் முகம் பார்க்க அந்த விடுதிச் சுவர் ஒன்றுதான் இருந்தது. காவலாளி அவளை வாசலோடு நிறுத்திவிடுவான்; கழுத்தை எக்கித்தான் பார்க்க வேண்டும்.

படகுத்துறைக்கும் தினமும் போனாள். அவன் எதிரே போய் நின்று, வீட்டில் கூப்பிடும் பெயரால், "கோரிங், நான்தான்யா" என்பாள். அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பார்ப்பான், காலடியில் பார்ப்பான். பெட்டி எதுவும் இல்லை என்றதும் அவன் கண் அவளைத் தாண்டிப் போய்விடும். கோபமில்லை, வெறுப்பில்லை. தூணைத் தாண்டிப் போவதுபோல. பாதிரியாரிடம் போனாள், பூசை வைத்தார். மேயரிடம் போனாள். மேயர் எழுந்து நின்று, தன் கையாலேயே நாற்காலி இழுத்துப் போட்டார்.

"எமெங் அக்கா, உங்க வீட்டுக்காரர் ஊரோட சொத்து. இன்னிக்கு அவரைக் கூட்டிட்டுப் போவீங்க. நாளைக்கு எல்லாரும் வந்து எம் புருஷனைக் குடு, எம் மகனைக் குடுன்னு கேப்பாங்க. கப்பல்ல வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? சீசன் முடியட்டும்."

"அவரு தூங்க வேணாமா? மூணு வருசமாச்சே."

"சீசன் முடியட்டும்க்கா."

சீசன் முடியவில்லை. மழைக் காலத்தில் கொரியாக்காரர்கள் வந்தார்கள், பனிக் காலத்துக்குத் தப்பி வெள்ளைக்காரர்கள் வந்தார்கள்.

அப்போதுதான் எமெங், துறையிலேயே அவனுக்கு இன்னொரு முறை துணையிருப்பது என்று முடிவு செய்தாள். இந்தத் தடவை எங்கும் நிற்காமல், எதையும் தட்டிவிடாமல், நேராக வீட்டுக்கு நடப்பாள். அவன் பின்னாலேயே வந்துவிடுவான். மேட்டில் புதிதாகப் போட்ட வீட்டில் பாய் விரித்து வைத்திருந்தாள். கப்பல் இல்லாத ஒரு மதியம், கொட்டகையின் பின்பக்கம் மெழுகுவத்தி கொளுத்தி, பிஸ்கட்டும் காப்பியும் வைத்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி சீட்டாட்டமும் நடந்தது. இரண்டு பிள்ளைகளைப் புயலுக்குக் கொடுத்திருந்த போரா, எமெங்கின் சிநேகிதி, மூன்று ஆட்டம் ஜெயித்தாள். "பொணம் பக்கத்துலேயே நின்னு எட்டிப் பாக்குற லமாய் இப்பத்தான்டி பாக்குறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டியோஸ்கோரோ உண்மையாகவே சற்றுத் தள்ளி நின்று, யாருக்கோ துணையிருக்கிறார்கள் என்ற மரியாதையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

வெயில் தாழ்ந்ததும் எமெங் எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் மேட்டுச் சாலையில் நடந்தாள். சற்று நேரத்தில் பின்னால் ஈரக் காலடிச் சத்தம் கேட்டது. தார்ச் சாலையில் சளப் சளப்பென்று, அவளுக்குப் பழக்கமான அந்தச் சற்றே இழுத்து வைக்கும் நடை. அவள் நடையைத் தளர்த்தவில்லை. போரா முன்னால் ஓடி, "யாரும் பேசாதீங்க, அவளை நிறுத்தாதீங்க, வண்டிய ஓரமா ஒதுக்குடா" என்று சாலையைச் சுத்தம் செய்துகொண்டே போனாள். மூன்றுசக்கர வண்டிகள் ஒதுங்கின. கருவாடு காயவைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். தேவாலயத்தைத் தாண்டினாள், தண்ணீர்க் குழாயைத் தாண்டினாள். அவளுடைய வீட்டுத் தகரக் கூரை சாலை வளைவுக்கு மேலே தெரிந்தது. சளப் சளப் சத்தம் ஒரு அடி பின்னால் இருந்தது. உப்பு வாடை அவள் தோளில் பட்டது.

வளைவில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். விடுதி வண்டி அவளைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டிருந்தது. போரா கையை ஆட்டி விரட்டுவதற்குள் அந்தப் பெண் எமெங்கைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்: "புயலுக்கப்புறம் இந்த ஊர்ல பாக்க ஒண்ணும் மிச்சமில்லன்னு அக்கரையில சொன்னாங்களே, நெசந்தானா?"

வழி கேட்டிருந்தால் எமெங் கடந்து போயிருப்பாள். தண்ணீர் கேட்டிருந்தால்கூடப் போயிருப்பாள்.

"ஒண்ணும் மிச்சமில்லையா?" என்று நின்றாள். "யாரு சொன்னது? மேடம், நீங்க வடக்குக் குடாவப் பாக்கணும். காலையில தண்ணி கண்ணாடி. ஆமை கரைக்கு வந்து முட்டை போடும். ஒரு புயல் இல்ல, ஒம்பது புயல் வந்தாலும் அந்தத் தண்ணி நெறத்தை எவனும் எடுத்துட்டுப் போக முடியாது. ஒண்ணும் இல்லையாம்ல! இந்தச் சூரியன் விழுறதைப் பாருங்க, உங்க ஊர்ல விழுமா இப்படி?" கையை நீட்டிக் கடலைக் காட்டினாள். கடல் அந்த நேரம் பார்த்து, கேட்டதுபோல, தாமிர நிறமாகிக் காட்டியது. அந்தப் பெண் வாயில் கைவைத்து நின்றாள். எமெங்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகுதான் பின்னால் சத்தமில்லாததைக் கவனித்தாள். திரும்பியபோது, வெள்ளைக்காரப் பெண்ணின் பெட்டி டியோஸ்கோரோவின் தோளில் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

போரா சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி, இன்னும் நூறு அடிடி. வாய மூடிட்டு நடக்க மாட்டியா?"

"ஊரை ஒண்ணும் இல்லைன்னு சொல்றாளேடி."

போரா அதற்குமேல் திட்டவில்லை. அவளாயிருந்தாலும் நின்றிருப்பாள்.

ஒருவனுக்கு மூன்றாம் முறை துணையிருக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை, பாதிரியாரும் சம்மதிக்கவில்லை. எமெங் சில நாள் படுத்துக் கிடந்தாள். பிறகு ஒரு நாள் போராவிடம் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, கனத்துக்கு இரண்டு செங்கல் வைத்து, தலையில் ஒரு வெயில் தொப்பி போட்டுக்கொண்டு, சரக்குப் படகில் அக்கரைக்குப் போனாள். அங்கே பயணிகள் கப்பலுக்குச் சீட்டு வாங்கி ஏறி, சான் ரோமால்தோவில் வந்து இறங்கினாள்.

டியோஸ்கோரோ பலகையோரம் நின்றிருந்தான். கையை மார்பில் வைத்தான். அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சிரித்தான். பிறகு கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கை மீன்பெட்டிக்குள் விட்டதுபோல் சில்லென்றிருந்தது.

"முதல் தடவையா மேடம்?"

"ஆமா," என்றாள் எமெங்.

பக்கக்கட்டை வைத்த தன் படகில் அவளை வடக்குக் குடாவுக்குக் கூட்டிப்போனான். ஆமை காட்டினான். திரும்பும்போது, எல்லா விருந்தாளிகளிடமும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பான், அவளிடமும் சொன்னான்: "எம் பொண்டாட்டி கையால நீங்க ஒரு வேளை சாப்பிடணும் மேடம். மீன்ல புளி போட்டு ஒண்ணு வைப்பா பாருங்க. ஒரு நாள் லீவு கெடச்சா வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

"பரவால்ல," என்றாள். "மெதுவா கூட்டிட்டுப் போங்க."

அடுத்த வாரம் போராவும் தொப்பி வாங்கினாள். அதற்கடுத்த வாரம் மேட்டுத் தெருவிலிருந்து இன்னும் சில பெண்கள், ஒரு கிழவர். அந்த வருடம் விருந்தினர் வருகையில் சான் ரோமால்தோ மாகாணத்திலேயே முதலாவதாக வந்தது. மேயர் மணிலாவுக்குப் போய்ப் பட்டயம் வாங்கி வந்தார். ஊர் திரண்டு போய் மாலை போட்டது. இப்போதெல்லாம் காலைக் கப்பலில் இடம் கிடைப்பது கஷ்டமாயிருக்கிறது. எமெங் முந்தின நாளே சீட்டு எடுத்து வைத்துவிடுகிறாள்.